கப்பல் வரும்வரை சாப்பிட்ட கடைகள்

உங்களில் எத்தனை பேருக்கு முதன்முதலாகக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள் ஞாபகம் இருக்கிறதோ தெரியவில்லை. நம் வயதுப் பெண்களில் பாதிப்பேருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாளே வந்திருக்காது. வெளியூர் போனால் பொதிச்சோறு. பொதி தீர்ந்தால் சொந்தக்காரர் வீடு. அதுவும் இல்லையென்றால் ஊர் திரும்பும்வரை பட்டினி. காசு கொடுத்துச் சோறு தின்கிற பெண் என்றால் அந்தக் காலத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

எனக்கு ஒன்பது வயதில் அந்த நாள் வந்தது. ஒரு நாள் இல்லை, தொடர்ந்து பல நாள். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், ஐப்பசி கடைசியில், அப்பாவும் அக்காவும் நானும் தூத்துக்குடியில் தங்கியிருந்தோம். மூன்று வேளையும் கடையில்தான் சாப்பாடு. அதைப்போலச் சந்தோஷமாக நான் வேறு எந்தக் காலத்திலும் சாப்பிட்டதில்லை. பாதி நாட்கள்வரை.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் அவரை எல்லோரும் ‘ஏட்டையா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைதிகளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் ஊர் ஊராகப் போனவர் என்பதால், எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையெல்லாம் எங்களுக்குக் கதையாகச் சொல்வார். மதுரைக் கடையின் பொங்கலையும் திருநெல்வேலிக் கடையின் அவியலையும் அவர் சொல்லச் சொல்ல, அக்காவும் நானும் எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்போம்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வாத்திச்சி ட்ரெயினிங்குக்குப் போக வேண்டும் என்று ஆசை. சிரித்தாளென்றால் நிறுத்த மாட்டாள். வேதக்கோயிலில் ஜெபம் நடக்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என்னையும் சிரிக்க வைத்து, இரண்டு பேரும் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் அப்பாவின் சிநேகிதரான ராஜபாளையத்துப் பஞ்சு ஏஜெண்டு. வியாபாரத்துக்காகக் கொழும்புக்குப் போய்வருகிறவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். “மஞ்சி பையன், ஏட்டையா, ரொம்ப நல்லவன். சொந்தமாக் கடை வச்சிருக்கான். ஒரு சிகரெட்டு கெடையாது” என்றார். பையனுக்குப் பூர்வீகம் வ. புதுப்பட்டி. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இறந்து, கொழும்புக்குப் போனவன். எங்களைப் போலவே வேதக்கோயிலுக்குப் போகிற குடும்பம். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

அத்தான் வந்தார். கையில் தங்கக் கடிகாரம், வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, உடம்பில் பன்னீர் வாசனை. கல்யாணம் கோயிலில் நடந்தது. ஊருக்கே அப்பா விருந்து வைத்தார். பத்து நாள் கழித்து, “கடையப் பூட்டிப் போட முடியாது மாமா, பொறவு நீங்களே கொண்டாந்து கப்பல் ஏத்தி விடுங்க” என்று சொல்லிவிட்டு அத்தான் கிளம்பிவிட்டார். அக்கா அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றதும், பிறகு ரோஜாப்பூப் படம் போட்ட தகர ட்ரங்குப் பெட்டியில் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கியதும் நினைவிருக்கிறது. அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்தாள். அதனால் அவளால் வர முடியவில்லை. அக்காவுக்குத் துணையாக என்னை அனுப்பினாள்.

விருதுநகரில் வண்டி மாறி, தூத்துக்குடியில் இறங்கியபோது முதலில் பட்டது காற்றுதான். எங்கள் ஊர்க் காற்றுக்கு வாசனை கிடையாது. இது உப்பும் கருவாடும் தாரும் கலந்து, நாக்கில் ருசி தெரிகிற காற்று. கொழும்புக் கப்பல் அந்தக் காலத்தில் கரைக்கு வராது. கடலுக்குள் வெகுதூரம் தள்ளி நிற்கும். ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் கப்பல் வரத் தாமதமாகும் என்று துறைமுக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்பா ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்தார். “அடுப்பு மட்டும் மூட்டக் கூடாது” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு அன்றைக்கே தீர்ந்தது. மறுநாள் காலையில் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு செத்த நேரம் யோசித்தார்.

“சரி, கெளம்புங்க. கடைக்குப் போவோம்” என்றார்.

முதலில் போனது ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஐயர் ஓட்டல். அந்தக் காலத்து ஓட்டல்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்கட்டு பிராமணர்களுக்கு, வெளிக்கட்டு மற்றவர்களுக்கு. அந்த மற்றவர்களிலும் யார் எவர் என்று பார்த்துத்தான் இலை போடுவார்கள். பரிமாறுகிறவர் எங்களை நிறுத்தி, “என்ன ஜனம்?” என்று கேட்டார்.

“போலீஸ்” என்றார் அப்பா.

அவர் அப்பாவின் மீசையைப் பார்த்தார். “உக்காருங்கோ, உக்காருங்கோ” என்று திரை போட்ட ஒரு தனி இடத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரையை இழுத்துவிட்டுப் போனதும் அக்கா, “அப்பா, நாம போலீஸ் சாதியா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இட்லி வந்தது. பஞ்சு மாதிரி இருந்தது என்று எழுதினால் எல்லோரும் எழுதுவதுதானே என்பீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது இட்லி இல்லை. அது தீர்ந்ததும் யாரும் கேட்காமலே இன்னொன்று வந்து இலையில் விழுந்ததுதான். எங்கள் வீட்டில் இட்லி பண்டிகைக்குத்தான், அதுவும் ஆளுக்கு இத்தனை என்று. பித்தளை டவராவில் காப்பி வந்தது. அக்கா உதட்டைச் சுட்டுக்கொண்டாள். சுட்டுக்கொண்டதற்கும் சிரித்தாள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கடற்கரைப் பக்கம் போனபோது அந்தச் சாப்பாட்டுக் கடையைக் கண்டோம். முன்னால் ஓட்டுச் சாய்ப்பு, உள்ளே நீள பெஞ்சு. வாசலுக்கு வெளியே வரை மீன் பொரிகிற மணம். கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. புருஷன் இல்லாதவர் என்று பார்த்ததும் தெரிந்தது. கல்லாவில் பெண்ணைக் கண்டதும் அப்பா தயங்கினார். மணம்தான் எங்களை உள்ளே இழுத்தது.

எங்கள் ஊரில் மீன் என்றால் கண்மாய் மீன். சேற்று வாடை அடிக்கும். இங்கே இலையில் வைத்த சீலா மீன் துண்டு உள்ளங்கை அகலம். தேங்காய் அரைத்த குழம்பு. அக்கா முள்ளை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டுத் தானும் தின்றாள். கடைக்கார அம்மாள் எழுந்து எங்கள் பக்கம் வந்தார்.

“அண்ணாச்சிக்கு எந்தூரு?”

“சீவில்லிபுத்தூரு. மூத்தவள மாப்பிள்ளை வீட்டுக்குக் கப்பல் ஏத்த வந்திருக்கோம்.”

“கொழும்புக்கா? நானும் எங்க வீட்டுக்காரரும் அங்கனதான் கடை வச்சிருந்தோம். அவிய போன பொறவு இங்க வந்துட்டேன். எந்தப் பக்கம் மாப்பிள்ளை?”

அப்பா பேசுமுன் அக்கா சொல்லிவிட்டாள். அவளுக்கு அத்தானைப் பற்றிப் பேச யாராவது கிடைத்தால் போதும். தெருவைச் சொன்னாள். பலசரக்குக் கடை என்றாள். கடைக்குப் பச்சைக் கதவு என்று அத்தான் சொன்னதையும், தான் எட்டாவது முடித்ததையும்கூடச் சொன்னாள்.

“புதுப்பட்டிக்காரரா? புருவத்துல தழும்பு இருக்குமே?”

“ஆமா, அவியதான். ஒங்களுக்குத் தெரியுமா?” அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

அந்த அம்மாள், “பாத்திருக்கேன்” என்றார்.  உள்ளே போய், ஒரு பெரிய மீன் சினையை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் இலையில் வைத்தார். “சாப்பிடு தாயி” என்றார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மறுநாளும் அங்கேதான் போக வேண்டும் என்று நானும் அக்காவும் பிடிவாதம் பிடித்தோம். சாப்பிட்டு முடித்து, பின்பக்கம் தொட்டியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அங்கே வந்தார். அக்கா உள்ளே இன்னும் இலைமுன்னால் இருந்தாள்.

“அண்ணாச்சி, ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். சொல்லாம இருக்க மனசு கேக்கல” என்றார். “அந்தப் பையனுக்கு அங்க குடும்பம் இருக்கு.”

“என்ன குடும்பம்?”

“சிங்களப் பொண்ணு. ரெண்டு பிள்ளை. பலசரக்குக் கடைன்னு சொன்னானாக்கும்? முன்னால ரெண்டு மூட அரிசி வச்சிருப்பான். பின்னால சோத்துக்கடைதான் நடக்கு. துறைமுகத்துல மூட்ட தூக்குதவன் எல்லாம் அங்கனதான் சாப்பிடுவான். அம்புட்டுப் பேருக்கும் அந்தப் பொண்ணுதான் ஆக்கிப் போட்டா. இப்பம் அவளுக்குக் கையும் காலும் வீங்கி நிக்க முடியல. கூலிக்கு ஆள் வச்சுப் பாத்தான், ஒருத்தரும் தங்கல. அதான் ஊருக்கு வந்திருக்கான்.”

அப்பா துண்டால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“அவனுக்குச் சமைக்க ஆள் வேணும், அண்ணாச்சி. ஒங்க மவளப் பாத்தாச் சிரிச்ச பிள்ளையா இருக்கு. அனுப்பாதீய.”

“ஏம்மா,” என்றார் அப்பா. ஸ்டேஷனில் ஆட்களோடு பேசுகிற குரல் அது. “சோறு விக்கிற எடத்துல சோத்த வித்தாப் போதும்.”

“சரி அண்ணாச்சி. காதுல போட்டு வச்சிட்டேன். பொறவு ஒங்க பாடு.”

அப்பா என் ஈரக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அக்காவை எழுந்திரிக்கச் சொன்னார். வெளியே வந்ததும், “இனிமே இந்தக் கடைக்கு வர வேண்டாம். புருசன் இல்லாம ஆம்பளைகளுக்கு மத்தியில கல்லாவுல உக்காந்திருக்கவ. வாய் சரியில்ல” என்றார். என்ன நடந்தது என்று அக்கா கேட்கக் கேட்க நடையை எட்டிப் போட்டார்.

அன்று முதல் அப்பா எங்களைப் பெரிய பெரிய கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராவுத்தர் ஒருவருடைய கடையில் ரொட்டியும் சால்னாவும். சுவரெல்லாம் கண்ணாடி பதித்த கடையில் ஐஸ் போட்ட கலர். அந்தப் பச்சைக் கண்ணாடிச் சோடாப் போத்தலும் கழுத்தில் உருளும் கோலியும் இப்போது எங்கே போயினவோ. மெழுகுதிரி ஸ்டாண்டு மாதிரிக் கூர்ந்து நிற்கிற வெள்ளை மக்ரூனை முதலில் பார்த்தது அங்கேதான். வாயில் போட்டால் இருந்த இடம் தெரியாது. அக்கா கேட்டதெல்லாம் வாங்கினார். கேட்காததையும் வாங்கினார். “சாப்பிடு தாயி, இன்னும் ஒண்ணு சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காய்கறி வாங்கப் போனால்கூட அரைநாள் பேரம் பேசுகிற மனிதர் அவர். கடற்கரைக் காற்றில் அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொட்டியடியில் கேட்டதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு சாயந்தரம் மாடியில் அக்கா எனக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பின்னத் தொடங்கினாள்.

“வேற என்ன சொன்னாவ?”

“ஒன்னப் பாத்தாச் சிரிச்ச பிள்ளையா இருக்குன்னு சொன்னாவ.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

சடையை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினாள்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்கள் மூன்று பேரும் தெரிந்தோம். அப்பா அல்வா சொல்லியிருந்தார். அக்கா தன் பங்கை என் பக்கம் நகர்த்தினாள்.

“அப்பா, ஒண்ணு கேட்டாக் கோவப்பட மாட்டீயளே?”

“கேளு.”

“கடைக்கார அம்மா சொன்னது நெசமா?”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “விசாரிச்சேன். கொழும்பு வியாபாரி ஒருத்தர்கிட்ட கணக்கெழுதுற ஆளக் கேட்டேன். தனியா இருக்குத ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான், கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுதாரு.”

“அப்பம் நெசந்தான்.”

“நெசமாவே இருந்தாலும் அது கல்யாணம் இல்லம்மா. நீதான் கோயில்ல வச்சு மோதிரம் மாத்தினவ. ஒன்னக் கண்டா அவ ஒதுங்கிப் போயிருவா.”

“ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கப்பா ஒதுங்குவா?”

 அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாம திரும்பிப் போயிருவோம்ப்பா. நான் ட்ரெயினிங் படிக்கேன். வேலைக்குப் போறேன். ஒங்களுக்குச் செலவு வைக்க மாட்டேன்.”

“ஊரக் கூட்டிச் சோறு போட்டாச்சு. கப்பல் ஏத்திட்டு வாரேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன். ஒன்னத் திரும்பக் கூட்டிட்டுப் போய் ரயில்ல எறங்குனா, அவனையா பேசுவாவ? ஒன்னத்தான் பேசுவாவ. மாப்பிள்ளை வேண்டாம்னு தள்ளிட்டாராம்பாவ.” என்னைக் கையால் காட்டினார். “பொறவு இவள யாரு கெட்டுவா?”

என் வாயில் அல்வா இருந்தது. நெய் அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அதற்குப்பிறகு அவள் அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கண்ணாடிகளில் எத்தனையோ அக்காக்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இலைக்குத் திரும்பினார்.

கப்பல் வந்துவிட்டது என்ற சேதி கிடைத்த அன்று அப்பா துறைமுக ஆபீஸுக்குப் போனார். அவர் போனதும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக் கடைக்குப் போனாள். வேகமாக நடந்தாள். நான் ஓட வேண்டியிருந்தது.

கூட்டம் ஓய்ந்திருந்தது. அந்த அம்மாள் எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சு போச்சா?”

அக்கா தலையாட்டினாள். “அந்த அக்கா எப்படிப்பட்டவ?”

“யாரு, அந்தப் பொண்ணா? நல்லவதான். அவளும் பாவந்தான்.” அந்த அம்மாள் அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். “இங்க பாரு. இங்கனயே இருந்துரு. மேல ஒரு ரூம்பு சும்மா கெடக்கு. கான்வெண்டுல சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்க ஆள் தேடுதாவ. மதர்கிட்ட நான் பேசுதேன். எட்டாவது படிச்சிருக்கேல்லா? அது போதும்.”

அக்காவின் முகம் அப்போது இருந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. மழைக்காக ஒதுங்கி நிற்கிறவர்கள் வானம் வெளுக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. “அப்பாட்டக் கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

“கேக்காம இருந்துரு. இருந்துட்டுப் பொறவு கேளு.”

 அந்த அம்மாள் உள்ளே திரும்பி, இரண்டு இலை போடச் சொன்னார். சோறு வைத்தார்கள். குழம்பு ஊற்றுவதற்குள் தெருவில் அப்பா நின்றார். அறையில் எங்களைக் காணாமல் தேடி வந்திருக்கிறார். கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா எழுந்து வெளியே போய், நின்றபடியே அவரிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சொன்னதுதான் கேட்டது.

“ஏட்டு மக சோத்துக்கடையில அண்டிக் கெடக்கான்னு பேரு வாங்கவா ஒன்னப் பெத்தேன்? வா.”

கடைக்கார அம்மாள் வாசல்வரை வந்தார். “பிள்ள இலைமுன்னாலருந்து எந்திச்சு வந்திருக்கு அண்ணாச்சி. சாப்பிட்டுட்டாவது போவட்டும்.”

“வேண்டாம்மா” என்றார் அப்பா. இந்தத் தடவை அவர் குரல் தணிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் சொன்னார்.

நாங்கள் நடந்தோம். அப்பா முன்னால், நான் நடுவில், அக்கா பின்னால். மூலை திரும்பும்போது அக்கா ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் வாசலில் அப்படியே நின்றிருந்தார்.

கொழும்புக்குப் போகிற ஒரு வாத்தியார் குடும்பத்தோடு அக்காவை அனுப்பினோம். படகில் முதலில் ட்ரங்குப் பெட்டியை இறக்கினார்கள். படகு ஆடியபோது வாத்தியாரின் மனைவி அக்காவைப் பிடித்து உட்கார வைத்தாள். ஏறுவதற்கு முன்னால் அக்கா குனிந்து என்னிடம், “ஏட்டி, அம்மாட்ட நான் நல்லாச் சாப்பிட்டேன்னு சொல்லு. அழுதேன்னு சொல்லாத” என்றாள். அவள் அழவில்லை. அழாதவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

படகு அலைமேல் ஏறி இறங்கிச் சின்னதாகிக்கொண்டே போனது. அப்பா கையை நெற்றிக்குமேல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே தெரியாமல் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் அப்பாவைப் பாராட்டினார்கள். மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தவர் என்ற பெயர் கொஞ்சகாலம் இருந்தது. எனக்கும் நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்தார். அப்பா கணக்குப் போட்டது அந்த ஒன்றில் மட்டும் தவறவில்லை. அதை நினைக்காமல் என் கல்யாணப் படத்தை என்னால் பார்க்க முடிந்ததில்லை.

அக்காவிடமிருந்து முதலில் ‘சுகம்’ என்று எழுதி வந்துகொண்டிருந்தது. சண்டை வந்தது. கடிதம் குறைந்தது. கொழும்பில் குண்டு விழுந்தது என்று பேப்பரில் வந்த அன்று அம்மா அடுப்பை மூட்டவில்லை. சண்டை முடிந்து, போக்குவரத்து சரியானதும், அப்பா தனுஷ்கோடி வழியாகத் தனியாகக் கொழும்புக்குப் போனார். அக்காவைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று அம்மா புதுப்பாய் வாங்கி வைத்திருந்தாள். அப்பா தனியாகத்தான் திரும்பினார். “நல்லாருக்கா. ரெண்டும் பொம்பளப் பிள்ளை. வியாபாரத்த விட்டுட்டு வர முடியல” என்றார். அம்மா நம்பினாள். நம்பினாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அதற்கு மறுவருஷம் அக்கா காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சேதி வந்தது. சேதி வந்தபோது அடக்கம் முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. அம்மா அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆறேழு மாதத்தில் அவளும் போனாள்.

அம்மா போன பிறகுதான், கொழும்பில் நடந்ததை அப்பா என்னிடம் சொன்னார். நான் புருஷன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தோம். அவருக்கு மீசையெல்லாம் எடுத்து முகம் ஒடுங்கிப் போயிருந்தது.  அவராகவே பேசத் தொடங்கினார்.

பச்சைக் கதவைத் தேடிப்பிடித்துப் போயிருக்கிறார். சரியாகச் சாப்பாட்டு வேளை. மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் கல்லாவில். என்ன சொல்லி உள்ளே போவது என்று தெரியாமல், ஒரு பெஞ்சில் அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். பீங்கான் தட்டில் சோறு வந்தது, மீன் குழம்பு வந்தது.

“ஒரு வாய் வச்சேன். ஒங்கம்மா வைக்குத குழம்பு” என்றார்.

மறுசோறு கேட்டிருக்கிறார். குரலைக் கேட்டு, சமையல்கட்டு வாசலில் அக்கா வந்து நின்றிருக்கிறாள். கையில் அகப்பை. முன்னங்கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. அவளுக்குப் பின்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அந்தச் சிங்களப் பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம். அக்கா வெளியே வரவில்லை. உள்ளே போய், ஒரு தட்டு நிறையப் பொரித்த மீனை அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினாள். அப்பா அதையும் சாப்பிட்டார்.

“பொறவு உள்ள பின்கட்டுக்குப் போனேன். வந்துரு தாயி, பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்துரு, எவன் என்ன சொன்னாலும் சொல்லட்டும்னு சொன்னேன். நாலு பிள்ளையும் நிக்கி, அவ பிள்ள ரெண்டு, இவ பிள்ள ரெண்டு. ‘இதுக எல்லாத்துக்கும் யாருப்பா ஆக்கிப் போடுவா?’ன்னு கேட்டா. ‘அந்த அக்காளால முடியல. நீங்க இருட்டுக்கு முன்னப் போங்க’ன்னா. கோவமாச் சொல்லல. சிரிக்கவும் இல்ல.”

கைகாட்டி இறங்கியது. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா என் மூட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“வெளிய வரணும்னா அவன் கல்லாவத் தாண்டித்தான் வரணும். போய் நின்னேன். அவன் என்னத் தெரிஞ்சுதான் பேசாம இருந்தானா, தெரியவே இல்லையான்னு இன்னைக்கும் எனக்கு வெளங்கல. சாப்பாட்டுக்கு உள்ள காசைக் குடுத்தேன். வாங்கிப் போட்டுக்கிட்டு, ‘சாப்பாடு எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டான்.”

வண்டி வந்து நின்றது. அப்பா எழுந்திருக்கவில்லை.

“நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்” என்றார்.